மலையில் ஓடும் பழைய காருக்கு மைலேஜ் ட்யூனிங்: மிக்சர் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

உதகையில் ஓடும் பழைய கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கருவி) கார் பெட்ரோலைக் குடிக்கிறது என்றால், பலரும் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத்தான் திருகுகிறார்கள். அது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்ட பழைய மாருதி 800 இங்கே உதாரணம். முன்பு வைத்திருந்தவர் கோன் ஃபில்டர் (பெட்டியில்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), அகல டயர், வேறு சைலன்சர் எல்லாம் மாட்டிய வண்டி என்றே வைத்துக்கொள்வோம். ஆம்னி, பத்மினி, அம்பாசடர் எதுவானாலும் வரிசை இதுதான். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

1. முதலில் அளவு

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் வண்டி சுமார் 1,900 மீட்டர் உயர்கிறது. ஆட்களோடு சேர்த்து 800 கிலோ எடை என்று வையுங்கள். பெட்ரோலின் சக்தியில் கால் பங்கை எஞ்சின் வேலையாக மாற்றினால், அந்த எடையை மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் தேவை. ஆகவே ஏற்றத்தில் மட்டும் பார்த்த மைலேஜை வைத்து எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். போய்த் திரும்பிய கணக்கையே எடுங்கள்.

புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் டேங்கை நிரப்பும்போது ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும். மலையில் பல பங்குகளின் தரை சரிவாக இருக்கும். டேங்க் சாய்ந்தால் ‘ஃபுல்’ அளவே மாறிவிடும். டயர் பெரிதாக மாற்றப்பட்டிருந்தால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். அதைக் கைபேசி வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2. கழற்ற வேண்டியதும் மாட்ட வேண்டியதும்

டிக்கியில் இருக்கும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி, கூரை மேல் இரும்பு கேரியர் இரண்டும் இறங்கட்டும். கோன் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கம்பெனி ஏர் கிளீனர் பெட்டியை மாட்டுங்கள். அந்தப் பெட்டியை வைத்துத்தான் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) அளவையே முடிவு செய்திருக்கிறார்கள். நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் எந்த ட்யூனிங்கும் உதவாது. சரிவில் நிற்கும் வண்டிக்கு முதலில் கல் முட்டு கொடுக்க மறக்க வேண்டாம்.

3. தெர்மோஸ்டாட்

மலைக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாகிறது என்று சமவெளியில் மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட் வால்வையே (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது) கழற்றிவிடும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட வண்டி உதகையின் மார்கழிக் குளிரில் வெகுநேரம் சூடேறாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஓட்டுபவரும் சோக்கை (குளிரில் பெட்ரோலைக் கூட்டித் தரும் இழுவை) உள்ளே தள்ள மாட்டார். அந்த வால்வு இருக்கும் உறையைத் திறந்து பாருங்கள். வால்வு இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். சோக் கேபிளை முழுதாக உள்ளே தள்ளியதும் கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள்.

4. பிளக், டைமிங், வேக்குவம் ஹோஸ்

பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து மெத்தென்று கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பிளக் முனையின் இடைவெளியைக் கையேட்டின்படி வையுங்கள். டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம்; அதைக் காட்டும் டைமிங் லைட் இல்லாமல், பொறியை சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் வேக்குவம் ஹோஸ்தான் சமவேக ஓட்டத்தில் மைலேஜைக் காப்பது. மாற்றம் செய்த வண்டிகளில் அது கழன்றோ வெடித்தோ இருக்கும். கார்புரேட்டர் பக்க முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். மேலும் காற்று வராமல் அடைத்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஹோஸோ, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள டயாஃப்ரம் சவ்வோ போய்விட்டது.

5. இப்போது மிக்சர்

2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், கோவையில் செட் செய்த கார்புரேட்டர் உதகையில் சுமார் 10 சதவீதம் ‘ரிச்’ ஆக, அதாவது பெட்ரோல் கூடுதலாக ஓடும். அதனால் மெயின் ஜெட்டைச் சிறிதாக்கச் சொல்வார்கள். வேண்டாம். இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை ஏறக்குறைய 8 சதவீதம் ‘லீன்’ ஆக்குகிறது, அதாவது காற்றுக்குப் போதாததாக்குகிறது. மலை கூட்டியதை எத்தனால் பெருமளவு கழித்துவிடுகிறது. ஜெட்டையும் சிறிதாக்கினால் மேட்டுப்பாளையம் வெயிலில் வால்வு கருகும் அளவுக்குச் சூடேறும்.

ஐடிலிங்கை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) மட்டும் சரிசெய்யுங்கள். ஷெட் கதவு திறந்திருக்கட்டும். குளிருக்காக மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டினால் புகையில் உயிரே போகும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏர் கிளீனர் மாட்டிய நிலையிலேயே தொடங்குங்கள். ஸ்க்ரூ இப்போது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெல்ல உள்ளே திருகினால் எஞ்சின் தடுமாறி நடுங்கும். அங்கிருந்து கால் சுற்றாக வெளியே எடுங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடிகள் காத்துக் கேளுங்கள். சத்தம் சீராகி, வேகம் உச்சம் தொட்டு, அதற்கு மேல் கூடாத இடம் ஒன்று வரும். அங்கிருந்து வேகம் லேசாகக் குறையத் தொடங்கும்வரை மட்டும் உள்ளே திருகி நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவில் கையேட்டு வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்க்ரூவை அடிவரை இறுக்கினால் ஊசி முனை நசுங்கிவிடும்.

புகைப் பரிசோதனை மையத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைக் காட்டச் சொல்லுங்கள். ட்யூனிங்குக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்ப்பதுதான் மலிவான, நம்பகமான சோதனை.

6. சாலையில்

மலையடிவாரத்துக் கல்லாறு வரை இறங்கி, அங்கிருந்து முழுச் சுமையோடு ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘டக டக’ என்று உலோகச் சத்தம் கேட்டால், டைமிங் முந்தியிருக்கிறது. இரண்டு டிகிரி பின்னுக்கு எடுங்கள். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவோ எஞ்சினை அணைக்கவோ கூடாது. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றால் சில மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மேலே வந்து எஞ்சின் ஆறியதும் பிளக்குகளை மறுபடி கழற்றி நிறத்தைப் பாருங்கள்; மூன்றும் ஒரே பழுப்பில் இல்லையென்றால், மாறுபட்ட அந்த ஒரு சிலிண்டரின் வால்வு இடைவெளியையும் கம்ப்ரெஷனையும் பார்க்க வேண்டும்.