45 நாள் குட்டியா? இன்னும் 11 நாள் பொறுங்கள்

பெங்களூரில் நாய்க்குட்டி விற்கும் யாருக்கு போன் போட்டாலும் முதலில் வரும் பேச்சு இதுதான்: "45 நாள் ஆயிடுச்சு சார், இன்னைக்கே வந்து எடுத்துக்கலாம்." ஏதோ சாஸ்திரத்தில் எழுதி வைத்த மாதிரி அந்த 45-ஐ விடவே மாட்டார்கள். என் ஊகம் என்னவென்றால், அந்தச் சமயத்தில்தான் தாய் பால் கொடுக்காமல் குட்டிகளை உதற ஆரம்பிக்கிறது, ஆறேழு குட்டிகளுக்கு நாலு வேளை தீனி போடும் செலவு விற்பவர் தலையில் விழுகிறது, போதாததற்குக் குட்டி பஞ்சு உருண்டை மாதிரி கொழுகொழுவென்று இருந்து பார்த்தவுடன் விலை போவதும் அப்போதுதான்.

குட்டிக்குச் சரியான வயது 8 வாரம் முழுசாக முடிந்த பிறகு, அதாவது 56 நாள். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. 45-க்கும் 56-க்கும் நடுவே 11 நாள்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

அல்சூரில் இருந்தபோது எங்கள் முதல் குட்டியை "40 நாள்" என்று நம்பி வாங்கி வந்தோம். மறுநாள் டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, 5 வாரம்கூட இருக்காதே என்றார். பயல் நல்லவன், ஆனால் விளையாட்டுக்குக் கடித்தாலே ரத்தம் வரும். என் குதிகால், அம்மாவின் முன்கை, பேப்பர் போட வந்த பையனின் பேன்ட், எதுவும் தப்பவில்லை. குட்டிகள் ஒன்றோடொன்று கடித்து விளையாடும்போது ஒன்று கொஞ்சம் அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் ஒரு உறுமல் உறுமி விலக்கிவிடும், இப்படியே நூறு தடவை நடந்துதான் எவ்வளவு பல் வைக்கலாம் என்ற அளவு அதற்குப் பிடிபடுகிறது. அந்தப் பாடம் மும்முரமாக நடக்கும் காலம் 5 முதல் 8 வாரம் வரை. நாம் பாதியில் தூக்கி வந்துவிட்டு, மிச்சப் பாடத்தை நம் கையைக் கொடுத்து நடத்துகிறோம்.

கடி மட்டும் இல்லை. 2011-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் 30-40 நாளில் தாயிடமிருந்து பிரிந்த நாய்களையும் 60 நாளில் பிரிந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். மொத்தம் 140 நாய்கள். சீக்கிரம் பிரிந்தவற்றிடம் பயம், ஓயாத குரைப்பு, சத்தம் கேட்டால் மிரள்வது, தீனிக்கு யாரையும் அண்டவிடாதது எல்லாம் அதிகம் இருந்தது. தீபாவளி சமயத்தில் கட்டிலுக்கடியில் மூன்று நாள் கிடக்கும் நாயை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, விற்பவர் சொல்லும் வயதை எப்படிச் சரிபார்ப்பது? அவர் வாயைப் பார்க்காதீர்கள், குட்டியின் வாயைப் பாருங்கள். பால் பற்கள் 3 வாரத்துக்குப் பிறகுதான் முளைக்கத் தொடங்கும். சுமார் 6 வாரத்தில் மேலும் கீழும் முன்பற்கள் ஆறாறும் ஊசி மாதிரிக் கோரைப் பற்களும் வந்திருக்கும். 8 வாரம் வாக்கில் பின்பக்கப் பற்களும் சேர்ந்து மேலே 14, கீழே 14, ஆக 28. வாயின் பின்பக்கம் விரல் வைத்தால் வெறும் ஈறுதான் தட்டுப்படுகிறது என்றால் அது 8 வாரக் குட்டி இல்லை. சின்ன இனங்களுக்குப் பல் கொஞ்சம் தாமதமாகவே வரும், அதனால் பல்லை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். எப்படி நடக்கிறது என்றும் பாருங்கள்: 4-5 வாரக் குட்டி தள்ளாடும், 8 வாரக் குட்டி ஓடி வந்து உங்கள் செருப்பு வாரை இழுக்கும்.

அப்புறம் தாயைக் காட்டச் சொல்லுங்கள். "தாயி எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டாலும் சரி. தாய் ஊரில் இருக்கிறது, நண்பர் வீட்டில் இருக்கிறது, குட்டியை மெட்ரோ ஸ்டேஷன் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று ஆரம்பித்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குட்டி பிடித்துப் போய் வயது மட்டும் குறைவு என்றால், முன்பணம் கொடுத்து அங்கேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள், கூடுதல் நாளின் தீனிச் செலவையும் நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஊசி விஷயத்தை அசட்டையாக விடாதீர்கள். வயிற்றுப் பூச்சி மருந்து 2 வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போயிருக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற, குட்டியின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய்களுக்கான ஊசி 6-8 வாரத்தில் ஆரம்பித்து, 3-4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை போகும். ஏன் இத்தனை தடவை என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில். விற்பவர் கொடுக்கும் புத்தகத்தில் மருந்தின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு ஹெப்பால் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து டாக்டரிடமோ போய் முதலிலிருந்து ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

சிவாவா, பொமரேனியன் மாதிரிப் பொடிசுகளுக்கு 8 வாரமும் போதாது. ஒரு வேளை தீனி தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும், 10-12 வாரம் வரை தாயிடம் இருக்கட்டும். மற்ற இனங்களுக்கு அளவுக்கு மீறித் தள்ளிப்போடவும் வேண்டாம். 3 வாரம் முதல் 12-14 வாரம் வரைதான் குட்டியின் மனசு திறந்திருக்கும். அந்தக் காலத்தில் பார்த்துப் பழகியதுதான் அதற்கு உலகம். நாலு மாதம் கூண்டிலேயே கிடந்த குட்டி நம் அபார்ட்மென்ட் லிஃப்டைக் கண்டாலே உறைந்து நிற்கும். ஆனால் வீட்டுக்குள் ஆட்களோடு வளர்ந்த 4 மாதக் குட்டி என்றால் தயங்காமல் எடுங்கள்.

ஊரிலிருந்து ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. மாமா அட்டைப்பெட்டியில் போட்டு இரவு பஸ்ஸில் அனுப்பி வைக்கிறேன் என்பார், வேண்டாம். நீங்களே போய், கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிட்டு, தாய் படுத்த துணியில் ஒரு துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். முதல் இரவு அழுகைக்கு அந்தத் துணியை விட நல்ல மருந்து இல்லை.

தெருக்குட்டிகளுக்குக் கணக்கு வேறு. மழையில் நனைகிறதே என்று தூக்கி வரும் முன் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், தாய் தீனி தேடிப் போயிருக்கும், திரும்பி வந்துவிடும். தாய்க்குச் சோறு வைத்து, மேலே ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தாய் நிஜமாகவே அடிபட்டுப் போய்விட்டால் காத்திருக்க முடியாது, ஆனால் குட்டிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளாமல் 8 வாரம் வரை ஒன்றாகவே வளருங்கள். பசும்பால் பேதியைக் கொண்டுவரும், டாக்டரிடம் கேட்டுக் குட்டிகளுக்கான பால்பவுடர் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் தீனியை மாற்றாதீர்கள், அங்கே தின்றதையே கொடுங்கள். 8-10 வாரத்தில் சட்டென்று மிரளும், மிரண்டது மனதில் தங்கியும் விடும், அதனால் சொந்தக்காரர் கூட்டத்தையெல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம், பார்வோ மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக வீட்டிலேயே பூட்டி வைக்கவும் கூடாது. ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் ஆட்டோ, ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், கோயில் மணி எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டிவிட்டு வாருங்கள், பத்து நிமிடம் போதும்.