“உன் கதையைச் சொல்” என்று கேட்காதீர்கள்: நாடகக் களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் நாடகப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் பட்டறை நடத்தினார்கள். நான் பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நல்ல குரல்வளம் உள்ள ஒரு மாணவர் நடுவில் நின்று மெதுவாகச் சொன்னார்: “எல்லாரும் கண்ணை மூடுங்க. உங்க வாழ்க்கையில ரொம்ப அழுத ஒரு நாளை நினைச்சுப் பாருங்க. யார் முதல்ல சொல்றீங்க?”

எழுந்து போய் நிறுத்தினேன். பிள்ளைகளைக் கண் திறக்கச் சொல்லி, எல்லாரையும் எழுப்பி ஒரு பந்து விளையாட்டுக்கு மாற்றினேன். அந்த மாணவருக்கு முகம் வாடிவிட்டது. “நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு அக்கா, ரெண்டு பேர் கை தூக்கிட்டாங்க” என்றார். கை தூக்கிவிட்டார்களே என்றுதான் எனக்குப் பதறியது. அதே வாக்கியத்தை, ஏறக்குறைய அதே குரலில், பதினான்கு வருடங்களுக்கு முன் நானும் சொன்னேன். அன்று என்னை நிறுத்த ஆள் இல்லை.

தாமதமாகப் போவது, மேடைப் பொருளை மறந்துவிட்டுப் போவது, திறந்த வெளியில் குரல் எட்டாமல் தவிப்பது போன்றவை இரண்டாவது தடவையிலேயே திருந்திவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். வெளியிலிருந்து பார்க்கும்போது வெற்றி மாதிரியே தெரிகிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பிள்ளைகளின் சொந்தத் துயரத்தை மேடைக்கு எடுப்பது

என் முதல் களப்பணிகளில் ஒன்று அது. இரண்டு நாள் பட்டறை, இரண்டாம் நாள் மாலை பள்ளி முழுவதற்கும் ஒரு சிறு நிகழ்ச்சி. முதல் நாள் கண்ணை மூடச் சொல்லி, மனத்தில் உள்ளதைச் சொல்லச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். இரவு வாசலில் நடக்கிற சண்டை, அம்மா கதவைச் சாத்துகிற சத்தம், தம்பியின் காதைத் தான் பொத்துவது. வட்டத்தில் யாரும் அசையவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. “இதுதான் நமக்கு வேண்டிய நாடகம்” என்று நினைத்தேன். அன்றிரவே அதைக் காட்சியாக எழுதிவிட்டேன். மறுநாள் அவளையே அம்மாவாக நடிக்க வைத்தேன்.

மாலையில் மேடையில் அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். கதவைச் சாத்துகிற இடம் வந்ததும் இரண்டாம் வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம் அவளுடைய அப்பாவின் பெயரைச் சொன்னான். பெயர் வரிசை வரிசையாகப் பின்னால் போனதை மேடையின் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். முடிந்ததும் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். “அக்கா, இதை எல்லார் முன்னாடியும் போடப் போறோம்னு நீங்க சொல்லவே இல்லையே” என்றாள்.

அடுத்த ஒன்பது நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டாள். இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னது அவளுடைய வகுப்பு ஆசிரியை. “நீங்க போயிட்டீங்க. தினமும் அவ முகத்தைப் பார்க்க வேண்டியது நான்” என்றார்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், நேராகப் பயிற்சி வகுப்பில் போய் நிற்கிறது. நடிப்புப் பள்ளிகளில் உணர்வு நினைவுப் பயிற்சி என்று ஒன்று உண்டு. நடிகர் தன் பழைய அனுபவத்தைத் தொட்டு, அதிலிருந்து பாத்திரத்துக்கு உயிர் கொடுப்பது. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இந்த எண்ணத்தை ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளரிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் தன் கடைசிக் காலத்தில் உடல் செயல்களிலிருந்து உணர்வுக்குப் போகும் வழியைத்தான் அவர் முன்னால் வைத்தார். ‘துக்கப்படு’ என்று சொல்வதை விட்டுவிட்டு, ‘கதவைச் சாத்து, தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சாத்து’ என்று கொடுப்பது. நம்மில் பலர் அவருடைய முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு களத்துக்குக் கிளம்பிவிடுகிறோம்.

பயிற்சி அறையில் அந்த உணர்வு நினைவு ஓரளவு தாங்கும். இருபது வயதைத் தாண்டியவர்கள், நடிப்பையே தொழிலாகத் தேர்ந்தெடுத்தவர்கள், ஒரே குழுவாக மாதக்கணக்கில் பழகியவர்கள். கதவு சாத்தியிருக்கும். நாளைக்கும் அதே ஆசிரியர் வருவார். பள்ளிக்கூடத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. தொண்ணூறு நிமிடம், நாற்பது பேர். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவன் பக்கத்து வீட்டுப் பையன். நாம் வண்டி ஏறிவிடுவோம், அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

“அவங்களே விரும்பித்தானே சொன்னாங்க?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். வகுப்பறையில் பெரியவர் ஒருவர் கேட்டால் கை தூக்குவது பிள்ளைகளுக்குப் பழக்கம். அது சம்மதம் ஆகாது. வட்டத்துக்குள் சொல்லச் சம்மதித்தது மேடையில் காட்டச் சம்மதித்ததும் ஆகாது. பிள்ளைகள் அழுத பட்டறையை ‘ஆழமான பட்டறை’ என்று பாராட்டுகிற மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாராட்டுக்காகவே அடுத்த வருடத்து மாணவரும் “கண்ணை மூடுங்க” என்று ஆரம்பிக்கிறார்.

சரி, வேறு என்ன செய்வது? வாழ்க்கையைத் தொடாத நாடகம் போடச் சொல்லவில்லை. பிள்ளைக்கும் கதைக்கும் நடுவில் ஒரு திரை வேண்டும். நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் (1926–2011) இங்கிலாந்தில் பிள்ளைகளோடு செய்த வேலையெல்லாம் இந்தத் திரையை வைத்துத்தான். ஆசிரியரே ஒரு பாத்திரமாக உள்ளே வருவார். பிள்ளைகளுக்கும் ஒரு பொறுப்பான வேடம் கிடைக்கும்: ஒரு நிறுவனத்தை நடத்துகிறவர்கள், ஒரு பிரச்சினைக்கு ஆலோசனை கேட்டு வரவழைக்கப்பட்ட நிபுணர்கள். “உனக்கு என்ன நடந்தது?” என்ற கேள்வி அங்கே எழாது. “இந்த மனிதருக்கு என்ன நடந்திருக்கும், நாம் என்ன செய்யலாம்?” என்றுதான் பேச்சு போகும்.

நான் இப்போது ஒரு பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். நடுவில் வைத்து, “இந்தப் பெட்டியோட சொந்தக்காரர் இன்னிக்கு ராத்திரி வீட்டை விட்டுப் போறார். உள்ள என்ன வெச்சிருப்பார்?” என்று மட்டும் கேட்பேன். ஒருத்தி சாவியை வைப்பாள். ஒருவன் யாருக்கோ எழுதி அனுப்பாத கடிதத்தை வைப்பான். ஒரு தடவை ஒரு பையன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினான். “காலி. எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் போறார்” என்றான். அது அவன் வீட்டில் நடந்ததா, கற்பனையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. அந்த ஒரு வரியிலிருந்து இருபது நிமிடக் காட்சி பிறந்தது.

இன்னும் சில நடைமுறைகள். பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்த வகுப்பில் யாருக்கும், அவர்கள் பெற்றோருக்கும் இல்லாத பெயராகத் தேடி வையுங்கள். ஒரு பிள்ளை “நான்” என்று ஆரம்பித்தால் அவமதிப்பாகத் தடுக்காமல், “சரி, அப்படி ஒரு பொண்ணு இருந்தான்னு வெச்சுக்குவோம்” என்று மெல்லத் திருப்புங்கள். பட்டறையில் பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்ன எதுவும் அந்தப் பட்டறையின் நிகழ்ச்சியில் மேடை ஏறக் கூடாது என்று குழுவுக்குள் முதலிலேயே பேசி வையுங்கள். அப்புறம், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அடி, பாலியல் தொல்லை என்று ஏதாவது காதில் விழுந்தால் அதைப் பொறுப்பானவரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பானவர் யார் என்பது பட்டறை தொடங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீர்வைக் கையோடு கொண்டுபோவது

பிரேசில் நாட்டு அரங்க இயக்குநர் அகுஸ்தோ போவால் தன் இளமைக் கால அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவருடைய குழு நாட்டின் வடகிழக்குப் பகுதி விவசாயிகளிடம் போய், நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியைத் தூக்கிப் பாடி நடித்தது. நாடகம் முடிந்ததும் விர்ஜிலியோ என்ற விவசாயி வந்து, வாருங்கள், நிலத்தைப் பிடுங்கியவனின் ஆட்களோடு இப்போதே போய் மோதலாம் என்று கூப்பிட்டார். எங்கள் துப்பாக்கிகள் நாடகத்துக்காகச் செய்தவை, சுடாது என்றது குழு. பரவாயில்லை, துப்பாக்கி எங்களிடம் இருக்கிறது, நீங்கள் வாருங்கள் என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள், விவசாயிகள் அல்ல என்று தயங்கியபோது, அப்படியானால் சிந்தச் சொன்னது எங்கள் இரத்தத்தைத்தானா என்று கேட்டுவிட்டார் விர்ஜிலியோ. தான் செய்யத் தயாராக இல்லாததைப் பிறருக்கு உபதேசிப்பதை அதோடு விட்டதாகப் போவால் எழுதுகிறார். விவாத அரங்கு என்று நாம் சொல்லும் ஃபோரம் தியேட்டரை அவர் 1970களில் உருவாக்கியதற்குப் பின்னால் இந்தச் சங்கடம் இருக்கிறது.

நம் மாணவர்கள் இன்னும் விர்ஜிலியோவைச் சந்திக்கவில்லை. கடைசிக் காட்சியில் குடிகாரர் திருந்துகிறார், படிப்பை நிறுத்திய பெண் மறுபடி பள்ளிக்குப் போகிறாள், எல்லாரும் வரிசையாக நின்று ஒரு முழக்கம். பார்க்கிறவர்களுக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சம் வைப்பதில்லை.

விவாத அரங்கு செய்கிறவர்களும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். நாடகத்தை ஒரு தடவை முழுதாகக் காட்டி, மறுபடி ஓட்டும்போது பார்வையாளர் ஒருவர் “நிறுத்து” என்று சொல்லி, ஒடுக்கப்படுகிறவரின் இடத்தில் வந்து நின்று வேறு வழி முயல வேண்டும். அப்போது எதிரில் நிற்கும் நடிகர் முழு பலத்தோடு எதிர்க்க வேண்டும். புதியவர்கள் வந்தவர் மேல் இரக்கப்பட்டு இரண்டாவது வசனத்திலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். முதலாளி சட்டென்று மனம் மாறுகிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். மறுநாள் உண்மையான முதலாளி முன்னால் போய் நிற்கும் ஆளுக்கு அந்த ஒத்திகை எதற்கும் உதவாது. இதை நடத்துகிற ஜோக்கருக்கும் ஒன்று. சீட்டுக்கட்டில் எந்த இனத்திலும் சேராத அட்டையிலிருந்து வந்த பெயர் அது. அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. “இது நிஜத்துல நடக்குமா?” என்று கூட்டத்திடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

விளையாட்டுக்காக விளையாட்டு

அமெரிக்க நாடக ஆசிரியர் வயோலா ஸ்போலின் (1906–1994) சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்துதான் தன் அரங்க விளையாட்டுகளை வளர்த்தார். ஒவ்வொன்றிலும் கவனம் வைக்க ஒரே ஒரு புள்ளி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கயிற்றை இழுக்கும் விளையாட்டு என்றால், கயிறு நிஜமாக இருக்கிறதா என்பதே முழுக் கவனமும். விளையாட்டை நிறுத்தாமல் ஓரத்தில் நின்று “கயிறு தளருது, பாருங்க” என்று குரல் கொடுப்பார்.

புதியவர்கள் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரம் வார்ம் அப்பிலேயே போய்விடுகிறது. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள், மைதானத்திலும் அப்படித்தான் இருப்பார்கள். இந்த விளையாட்டு எதற்கு என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அன்றைய திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அறுபது பேருக்கு ஒருவர்

முடியாது. வகுப்பைப் பாதியாகப் பிரித்துக் கேளுங்கள், தராவிட்டால் இன்னொரு நாள் போங்கள்.

புகைப்படம்

பட்டறை நடக்கும்போது எடுக்காதீர்கள்.

“மறுபடி வருவோம்”

தேதி இல்லாமல் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

வகுப்பு ஆசிரியரை வெளியே அனுப்புவது

ஆசிரியர் இருந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள் என்று அறிமுகம் முடிந்ததும் அவரை அனுப்பிவிடுகிறார்கள். முதல் அரை மணி நேரத்துக்கு அது உண்மைதான். ஆனால் கல்வி அரங்கு என்று ஒரு துறையாக 1965இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் பெல்கிரேட் தியேட்டர் இந்த வேலையைத் தொடங்கிய நாளிலிருந்தே நடிகரும் ஆசிரியரும் சேர்ந்து செய்யும் காரியமாகத்தான் இது இருந்திருக்கிறது. நாம் கிளம்பிய பின் அங்கே மிஞ்சுகிற ஒரே பெரியவர் அவர்தான். அவரை வட்டத்தில் பிள்ளைகளோடு ஒருவராக உட்கார வையுங்கள், விளையாட்டில் தோற்கட்டும். அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும்.

பதினான்கு வருடங்களுக்கு முன் எனக்குத் தொலைபேசியில் பேசிய ஆசிரியை அந்த இரண்டு நாளும் அறைக்கு வெளியே இருந்தார். நான்தான் வெளியே இருக்கச் சொன்னேன். உள்ளே இருந்திருந்தால் முதல் ஒத்திகையிலேயே அந்தக் காட்சியை நிறுத்தியிருப்பார், அவருக்கு அந்த வீடு தெரியும்.

இப்போதெல்லாம் பட்டறைக்கு ஒரு வாரம் முன்பே போய் வகுப்பு ஆசிரியரோடு உட்காருகிறோம். “இந்த வகுப்பில் நாங்கள் தொடக் கூடாத விஷயம் என்ன?” என்று கேட்டு, பெயர்களைச் சொல்ல வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்லுங்கள் என்போம். கடைசியாகப் போன இடத்தில் அந்த ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கிணறு வர்ற மாதிரி எதுவும் வேண்டாம்” என்றார். எங்கள் காட்சியில் ஒரு கிணறு இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கிளம்பினோம்.