வாசனை சேர்க்காத ஃபேஸ் வாஷும் டே கிரீமும்: ஒவ்வொன்றாகச் சோதிப்பது எப்படி?

இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முகம் எரிந்தால் எது வேலையைக் காட்டியது என்று தெரியாமல் போகும். முதலில் ஃபேஸ் வாஷ். அது ஒத்துக்கொண்டால், இரண்டு வாரம் கழித்து கிரீம்.

வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். ‘அன்சென்டட்’ என்று போட்டிருந்தால் மூக்குக்கு வாசனை தெரியாது, அவ்வளவுதான். மற்ற பொருட்களின் வாடையை அமுக்க உள்ளே ஏதாவது சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதைத் தேடுங்கள். அதையும் அப்படியே நம்பாமல் பட்டியலில் பர்ஃபம், லினலூல், லிமோனீன், ஜெரானியால் இருக்கிறதா என்று பாருங்கள். லாவெண்டர் எண்ணெயும் ஆரஞ்சுத்தோல் எண்ணெயும் இயற்கையானவை என்றாலும் வாசனைப் பொருட்களே. மறுபக்கம், நல்ல கிரீமில் லேசான மெழுகு வாடை வரலாம். அது கெட்டுப்போனதல்ல.

விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின், பெட்ரோலேட்டம், டைமெத்திகோன் எல்லாமே மலிவான சரக்குதான். சிறிய பேக் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள்.

முகத்துக்குப் போகுமுன் முழங்கை மடிப்பின் உட்புறத்தில், நாணயம் அளவு இடத்தில், தினம் இரு வேளை, 7 முதல் 10 நாள் தடவுங்கள். ஃபேஸ் வாஷ் என்றால் 5 நிமிடத்தில் கழுவிவிடுங்கள். ஒவ்வாமை பல சமயம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஒரே நாளில் முடிவுகட்டுவது வீண்.

ஃபேஸ் வாஷைச் சோதிக்க ஒரு எளிய வழி: வெதுவெதுப்பான நீரில் முகத்தை நனைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் தேய்த்து, முடியோரமும் தாடையடியும் விடாமல் கழுவுங்கள். எதுவும் பூசாமல் 20 நிமிடம் காத்திருங்கள். வாயைச் சுற்றி, கன்னத்தில் தோல் இழுத்துப் பிடிக்கிறதா? அப்படியானால் அது உங்களுக்குக் கடுமை. தோல் லேசான அமிலத்தன்மை உடையது. சாதாரண சோப்போ காரத்தன்மை உடையது; அதன் பிஎச் (அமில-கார அளவு, 7 என்பது நடுநிலை) 9, 10 வரை போகும். விரல் வைத்தால் ‘கீச்’ என்று சத்தம் வரும் அளவு சுத்தம் வேண்டியதில்லை.

கிரீமை, துண்டால் ஒற்றியபின் ஈரம் மிச்சமிருக்கும்போதே, பட்டாணி அளவு எடுத்துப் பூசுங்கள். மேலே சன்ஸ்கிரீன் போடும்போது அழுக்குபோல் உருண்டு வந்தால், கிரீம் அதிகமாகியிருக்கும், அல்லது ஊறுவதற்குள் தேய்த்திருப்பீர்கள். 5 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) சேர்ந்த டே கிரீம் சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கியெடுத்துப் பூசினால்தான் அட்டையில் உள்ள பாதுகாப்பு கிடைக்கும். பட்டாணி அளவு போதாது. அவ்வளவு பூசினால் டப்பாவும் சீக்கிரம் காலியாகும். கிரீம் தனி, சன்ஸ்கிரீன் தனி என்பதே எங்கள் கட்சி.

சிவப்பு, வீக்கம், அரிப்பு வந்தால் உடனே கழுவி நிறுத்துங்கள். குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள், டப்பாவையும் எடுத்துக்கொண்டு.