ஏர்கோன் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மூன்று மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த வெக்கையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு 79 வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உடம்பு, இப்போது வெயிலைத் தாங்க மறுக்கிறது. அவர் அறையில் இருந்த பழைய ஏர்கோனுக்குப் பத்து மாதத்தில் மூன்று முறை கேஸ் அடித்தோம். மூன்றாவது முறை வந்த ஆளும் "கேஸ் குறைஞ்சு போச்சுண்ணே" என்றுதான் சொன்னார்.

செம்பனை ஆலையில் 24 வருடம் மின்சாரப் பகுதியைக் கவனிக்கும் சார்ஜ்மேனாக இருந்தவன் நான். முதல் முறையே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. அது குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. சோப்பு நுரை பூசிப் பார்த்தேன். உள் பெட்டியின் காயிலில், அதாவது குளிரூட்டும் குழாய்ச் சுருளில், அரிப்பு, நாலைந்து இடத்தில் குமிழி. ஆர்-22 கேஸ் ஓடும் பழைய பெட்டி அது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால் 1987 மொண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் படிப்படியாக நிறுத்தப்பட்டு வரும் கேஸ். அதற்குப் புதுக் காயில் தேடுவது வீண் என்று முடிவு செய்தேன். அதே பெட்டியில் புதுப் பெட்டிகளுக்கான ஆர்-32 கேஸை ஊற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதன் அழுத்தமும் வேறு, கம்ப்ரசர் எண்ணெயும் வேறு.

புதிது வாங்கக் கடைக்குப் போகும் முன் வீட்டைக் கவனியுங்கள். அம்மா அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, மேற்குச் சுவர். சதுர அடிக்கு 60 முதல் 65 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) என்று போடுவது இங்கே வழக்கம். 120 சதுர அடிக்கு 65 வீதம் 7,800 பிடியூ வருகிறது. 1 எச்பி பெட்டி ஏறக்குறைய 9,000 பிடியூ தரும். கணக்குப்படி போதும், ஆனால் தகரத்தின் சூடு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். ஒன்றரை எச்பி வாங்கச் சொன்னார்கள். நான் அந்தக் கூடுதல் பணத்தைச் சீலிங்குக்கு மேலே அலுமினியத் தாளும் கண்ணாடிப் பஞ்சும் விரிக்கச் செலவழித்தேன். மறுநாளே ஃபேன் காற்று அனல் அடிக்கவில்லை. 1 எச்பியே போதுமானது. ஒன்று சொல்ல வேண்டும். பழைய தோட்ட வீடுகளின் சீலிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கலாம். சந்தேகம் இருந்தால் துளை போடவோ உடைக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

படுக்கையறைக்கு இன்வெர்ட்டர் ஏர்கோன் வாங்குங்கள், தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அது. இரவு எட்டு மணி நேரம் ஓடும்போது மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரியும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடும் ஹால் என்றால் சாதாரணப் பெட்டியே போதும். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிளைப் பாருங்கள், பிராண்ட் உங்கள் விருப்பம்.

இனி முக்கியமான இடம், கழற்றுவது. நன்றாக ஓடும் பெட்டி என்றால் கம்ப்ரசரை ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூடி, கேஸை வெளிப் பெட்டிக்குள் இழுத்துப் பூட்டுவார்கள். ஓட்டையுள்ள பெட்டியில் இதைச் செய்யவே கூடாது. ஓட்டை வழியே காற்று உள்ளே போகும். காற்றையும் எண்ணெயையும் கம்ப்ரசர் சேர்த்து அழுத்தினால் வெடிக்கக்கூடும். கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷினையும் தனிச் சிலிண்டரையும் கொண்டு வரச் சொல்லுங்கள். காற்றிலும் திறந்து விடக் கூடாது.

பழைய செம்புக் குழாயைச் சுவருக்குள் அப்படியே விட்டு இணைத்தால் வேலை சீக்கிரம் முடியும். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே பழைய எண்ணெய் படிந்திருக்கும், ஆர்-32 அழுத்தத்துக்குப் பழைய சுவர்த் தடிமன் போதுமா என்பதும் சந்தேகம். புதுக் குழாய் கேட்டேன், 0.7 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல். விலையில் எத்தனை அடி சேர்ந்திருக்கிறது, மேற்கொண்டு அடிக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

குழாய் பூட்டியதும், ஏர்கோன் மாட்ட வந்த தம்பி வால்வைக் கொஞ்சம் திறந்து கேஸைச் சீறவிட்டுக் காற்றை வெளியேற்றப் பார்த்தான். "வேக்வம் பம்ப் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "லாரியில இருக்குண்ணே, வேணும்னா எடுத்துட்டு வர்றேன்." வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது அதுதான். அழுத்தம் காட்டும் கேஜ் முள் மைனஸ் 0.1 மெகாபாஸ்கலுக்கு இறங்கி, இருபது நிமிடம் பம்ப் ஓடி, நிறுத்திய பின் பத்து நிமிடம் முள் அசையாமல் இருக்க வேண்டும். முள் ஏறினால் ஓட்டை. எங்கள் வீட்டில் முதல் தடவை ஏறியது. இணைப்புக்காக விரித்த குழாய் நுனி, அதாவது ஃபிளேர் வாய், ஒரு பக்கம் கோணலாக வெட்டியிருந்தது. தம்பி முகம் சுளிக்காமல் திரும்ப வெட்டினான், அதற்காக அவன் மேல் மரியாதை வந்தது. குழாயில் ஈரம் மிஞ்சினால் எண்ணெயில் அமிலம் சேர்ந்து கம்ப்ரசர் சீக்கிரமே போய்விடும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் பக்கத்தில் நிற்கச் சொல்கிறேன்.

வெளிப் பெட்டியைப் பலகைச் சுவரில் தொங்கவிட வேண்டாம், தரையில் சிமெண்ட் மேடை போதும். ஆலைக் கரித்தூள் படியும் ஊர் என்பதால் கை எட்டும் உயரம் நல்லது. உள் பெட்டியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் குழாய் வழி முழுக்கக் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். மூடி மாட்டும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எங்கேயும் நிற்கக் கூடாது. குழாய் வாயில் கம்பி வலை கட்டுங்கள், பல்லி நுழைந்து சர்க்யூட் போர்டில் ஷார்ட் ஆவது இங்கே சகஜம்.

மின்சாரத்துக்குத் தனி வயர், தனி பிரேக்கர், லைசென்ஸ் உள்ள வயர்மேன். நம் பேராவில் இடி அதிகம். இன்வெர்ட்டர் போர்டு அதற்குச் சுலபமாகப் பலியாகும், மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் காப்பு வைத்துவிடுங்கள். இடி முழங்கும்போது ஏர்கோனின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை அணைத்துவிடுகிறோம்.

முதல் நாள் 16 டிகிரியில் கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் அளந்தேன். 29, 18. எட்டு டிகிரி வித்தியாசத்துக்குக் குறைந்தால் தம்பியை அனுப்பாதீர்கள். பிறகு 25-இல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போட்டோம். அன்று இரவு அம்மா போர்வை கேட்டார். வெளிப் பெட்டியின் பக்கவாட்டில் மாட்டிய தேதி, ஆர்-32, குழாய் நீளம் என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து வருபவருக்கு உதவும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலையில் கழுவுகிறேன்.