அந்தப் பிள்ளைக்கு அப்படித்தானே என்று விடாமல் கவனிப்பது எப்படி

எங்க மைனியின் மகனுக்கு மூளை முடக்குவாதம், பேச்சு வராது. 11 வயதில் திடீரென்று, காலையில் பள்ளி வேன் ஹாரன் கேட்டாலே உடுப்பை நனைக்க ஆரம்பித்தான், ராத்திரி உறக்கம் போச்சு, தன் கையையே கடித்தான். நாங்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அவனுக்கு அப்படித்தானே, வலிப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போல. மாத்திரையை மாற்றினோம். இரண்டு மாதம் கழித்து தலை சீவும்போதுதான் காதுக்குப் பின்னால் விரல் பதிந்த மாதிரி நீலம் தெரிந்தது. வேனில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்கிற ஆள் செய்த வேலை.

அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்துக்காக நடந்து 2012இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட 3.7 மடங்கு என்று வந்தது. அடிக்கிறவனுக்குத் தெரியும், இது வாய் திறந்து சொல்லாது, சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று. அதோடு குளிப்பாட்ட, சோறு ஊட்ட, கழிப்பறைக்குத் தூக்கிப்போக என்று பலர் கை அந்த உடம்பில் படுகிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள். வாரம் ஒருமுறை, குளிக்கும்போது, நல்ல வெளிச்சத்தில். விழுந்து எழும்புகிற பிள்ளைக்கு முட்டி, முழங்கை, நெற்றி, கணுக்காலில் காயம் வருவது சாதாரணம், காலில் தாங்குபட்டை (காலிப்பர்) போட்டிருந்தால் அதன் விளிம்பிலும் தோல் சிவக்கும். காதைச் சுற்றி, கழுத்து, வயிறு, முதுகு, புட்டம், மேற்கையின் உள்பக்கம், தொடையின் உள்பக்கம், இங்கெல்லாம் தானாக அடிபடுவது அபூர்வம். நடக்கவோ தவழவோ முடியாத பிள்ளைக்கு எங்கே நீலம் இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். (நம்ம ஊர் பச்சைப்பிள்ளைகளுக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே நீலத்தழும்பு இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.) காயம் கண்டால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள், தேதியையும் எழுதிவையுங்கள்.

அப்புறம் நடத்தை. குறிப்பிட்ட ஒரு ஆள், ஒரு வண்டி, ஒரு அறை, இதைக் கண்டால் மட்டும் மாறுகிறதா என்று பாருங்கள். வியாதி ஆள் பார்த்து வராது. படித்த பழக்கம் ஒன்றை விட்டுவிட்டு மறுபடி படுக்கையை நனைப்பது, உடுப்பு மாற்ற விடாமல் அடம்பிடிப்பது, வயதுக்கு மீறிய செய்கை, இவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது மாத்திரைக் கதையோடு நிறுத்தாமல், யாரோ ஏதோ செய்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை.

கவனிப்பில்லாமல் விடுவதும் கொடுமைதான், சத்தம் வராத கொடுமை. படுத்தே கிடக்கிற பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் வால் எலும்பு, இடுப்பு, குதிகாலில் படுக்கைப்புண் வரும். எடை குறைவது, சொத்தைப் பல், பேட்டரி இல்லாமல் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் காது மிஷின், உறங்கட்டும் என்று கொடுக்கிற இருமல் மருந்து, எல்லாம் இதில் சேரும். ஆனால் ஒன்று சொல்லணும். அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலை வேலைக்கு, போகிற ஒரு அம்மா, பார்க்க ஆளில்லாமல் பிள்ளையைச் சேலையால் கட்டிலில் கட்டிவிட்டுப் போகிறாள் என்றால் அவளை ராட்சசி ஆக்காதீர்கள். கட்டுவது ஆபத்து, வலிப்பு வந்தால் உயிரே போகும், அதை நிறுத்தியே ஆகணும், ஆனால் அவளுக்கு முதலில் வேண்டியது ஆள் பலம். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வருவார்கள். எங்க கன்னியாகுமரி மாவட்டம் என்றால் நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக்கொடுங்கள், தகுதி இருந்தால் மாதம் 2,000 ரூபாய் வரும். அன்பியத்திலோ (கோவில் பங்கில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற குழு) சுய உதவிக் குழுவிலோ நாலு பேர் முறைவைத்து பகலில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய காரியம்.

பிள்ளை ஏதாவது சொன்னால், காட்டினால்? முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். "அந்த மாமாதானே அடிச்சாரு?" என்று நீங்களே பெயர் எடுத்துக்கொடுத்தால் பின்னால் வழக்கே கெட்டுப்போகும். "என்ன நடந்துச்சு" என்று மட்டும் போதும், அதையும் ஒருமுறைதான், ஆளாளுக்குக் கேட்டு நச்சரிக்கக் கூடாது. சொன்ன வார்த்தையை, காட்டிய சைகையை அப்படியே எழுதுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு படஅட்டை செய்திருப்பீர்கள், அதில் சோறு, தண்ணி, டிவி எல்லாம் இருக்கும். வலி, வேண்டாம், நிறுத்து, அந்தரங்க உறுப்புகள், வீட்டிலும் பள்ளியிலும் பழகுகிறவர்களின் போட்டோ, இதெல்லாம் இருக்கிறதா? இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். எப்போதும் ஒரே ஆள்தான் அந்தப் பிள்ளைக்காகப் பேசுகிறார் என்றால் சந்தேகத்தில் அவரும் அடக்கம், வேறு ஒருவருக்கும் அந்தச் சைகை புரிந்திருக்கணும்.

பாலியல் கொடுமை என்று பட்டால் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல், காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசர சிகிச்சைக்கு போலீஸ் கடிதம் கொண்டுவா என்று யாரும் கேட்கக் கூடாது, சட்டம் அப்படி.

புகாருக்கு குழந்தைகள் உதவி எண் 1098, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல், கன்னியாகுமரி மகளிர் காவல் நிலையங்களும் இருக்கின்றன. போக்சோ சட்டப்படி (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கிற சட்டம்) சந்தேகம் இருந்தாலே சொல்லலாம், நிரூபிப்பது உங்கள் வேலை கிடையாது, தெரிந்தும் மறைத்தால்தான் குற்றம். வாக்குமூலம் வாங்க போலீஸ் காக்கி உடுப்பில்லாமல் வீட்டுக்கே வரணும், மாற்றுத்திறன் உள்ள பிள்ளை என்றால் சிறப்பு ஆசிரியரையோ அதன் மொழி புரிந்தவரையோ கூட வைத்துக்கொள்ளணும். கேட்காமல் நடக்காது, வாய்விட்டுக் கேளுங்கள். அடி, பட்டினி, பூட்டிவைத்தல் போன்றவற்றுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாகர்கோவில் ஆர்டிஓவிடமோ (வருவாய் கோட்டாட்சியர்) பத்மநாபபுரம் சப்-கலெக்டரிடமோ எழுதிக்கொடுக்கலாம். பொறுப்பில் இருந்துகொண்டு வேண்டுமென்றே சோறு தண்ணி கொடுக்காதவருக்கு குறைந்தது ஆறு மாதம் சிறை.

நம்ம ஊரில் இதற்கு நடுவே ஒரு கூட்டம் வரும். ஊர் கமிட்டியில் பேசி முடிப்போம், ஊர் மானம், பிள்ளையோட அக்காவுக்குக் கல்யாணம் நடக்கணும்லா என்பார்கள். போக்சோ வழக்கை ராசி பேசி முடிக்க சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

எங்கள் பையன் விஷயத்தில், "வேனில் வந்த ஆளை நீக்கிவிட்டோம், இனி என்ன" என்றது பள்ளிக்கூடம். நாங்கள் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கி, ரசீது எண்ணை அவன் மருந்துச்சீட்டு பைலிலேயே வைத்திருக்கிறோம். இப்போது மைனிதான் அவனை ஆட்டோவில் கொண்டுவிடுகிறாள். ஹாரன் கேட்டால் இன்னும் அவள் கையை இறுக்கிப் பிடிக்கிறான்.