செல்லும் ஆற்றலும்: மதிப்பெண் வாங்கித் தரும் தவறுகள்

செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு ஏடிபி (ATP). அதைப் பற்றி உயிரியல் விடைத்தாள்களில் அலுக்காமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஏடிபியின் பிணைப்பு உடையும்போது அதில் சேமித்து வைத்த ஆற்றல் வெளிவருகிறது." இதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அதே மாணவர் வேதியியல் தேர்வில் "பிணைப்பை உடைக்க ஆற்றல் தேவை" என்று எழுதி அங்கேயும் மதிப்பெண் வாங்குவார். இரண்டும் எப்படிச் சரியாகும்?

வேதியியல் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. எந்தப் பிணைப்பை உடைத்தாலும் கையிலிருந்துதான் செலவு. (தமிழ் எழுத்தில் ஒரு தொல்லை: மூன்று பாஸ்பேட் உள்ளதும் (ATP) ஏடிபி, இரண்டு உள்ளதும் (ADP) ஏடிபி! அதனால் பாஸ்பேட் ஒன்று கழன்றதை இங்கே டைபாஸ்பேட் என்றே சொல்கிறேன்.) ஏடிபியில் எதிர்மின்சுமைகள் நெருக்கியடித்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருக்கின்றன. தண்ணீரோடு வினைபுரிந்து டைபாஸ்பேட்டும் தனிப் பாஸ்பேட்டும் ஆனபின் அந்த நெருக்கடி குறைகிறது, புதிய பிணைப்புகள் அமைகின்றன, தண்ணீர் மூலக்கூறுகளும் சூழ்ந்து நிலைப்படுத்துகின்றன. உடைப்பதற்கு ஆன செலவைவிட இதில் வரும் வரவு அதிகம். மிச்சம்தான் ஆற்றல்.

அதிலும் பாதிக் கதைதான் இருக்கிறது. செல் எப்போதும் ஏடிபியை அதிகமாகவும் டைபாஸ்பேட்டைக் குறைவாகவும் வைத்துக்கொள்கிறது. திட்ட நிலையில் (ஒப்பிடுவதற்காக வேதியியலில் வகுத்த நிலையான அளவுகளில்) ஒரு மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல் தரும் இந்த வினை, செல்லுக்குள் 50 அளவுக்குத் தருவது அதனால்தான். விகிதத்தைச் சமநிலைக்குப் போக விட்டால் அதே மூலக்கூறு, அதே பிணைப்பு, ஆனால் வேலைக்கு ஆகாது.

தசையைப் பாருங்கள். மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கிறது. இழுப்பதற்குத்தான் ஏடிபி என்று நினைப்போம். உண்மையில் புதிய ஏடிபி ஒன்று வந்து ஒட்டினால்தான் மயோசின் பிடியையே விடும். இறந்த உடல் விறைத்துப்போவது இதனால்தான்: ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடித்த பிடியை விடுவிக்க ஆளில்லை.

ஏடிபியைச் சேமிப்புக் கிடங்கு என்று எழுதுவதும் தப்பு. ஒரு நாளில் நாம் செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் எடை வரும். ஒரு நேரத்தில் உடலில் இருப்பதோ எடையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வந்த வேகத்தில் போய்த் திரும்பும் சில்லறை அது. சேமிப்பு வேண்டுமென்றால் கொழுப்பையும், உடல் சர்க்கரையைச் சேர்த்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜனையும் பார்க்க வேண்டும்.

சரி, செல்லுக்குள் ஏடிபியை உருவாக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா? "ஆற்றலை உற்பத்தி செய்யும்" என்று எழுதாதீர்கள், ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கும்போது புரோட்டான்கள் உள்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. சவ்வின் இருபுறமும் சுமார் 150 மில்லிவோல்ட் வித்தியாசம். அற்பமாகத் தெரியும். சவ்வின் தடிமனோ சுமார் 5 நானோமீட்டர்தான், அப்படியானால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட்! திரும்பி உள்ளே பாயும் புரோட்டான்கள் ஒரு நொதியைச் சுழற்ற, அந்தச் சுழற்சியில் ஏடிபி உருவாகிறது. இந்தப் புரோட்டான் கதையை பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்கே வேதியியல் நோபல் கிடைத்தது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நொதியின் அச்சில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றை ஒட்டி, அதற்கு ஏடிபியைக் கொடுத்து எதிர்த்திசையில் இயக்கி, அது சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

அடுத்தது ஆக்சிஜன். மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது என்று பெரியவர்களே நம்புகிறார்கள். சுவாசத்தின் சமன்பாட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த ஆக்சிஜன் எலக்ட்ரான் வரிசையின் கடைசியில் நின்று எலக்ட்ரான்களை வாங்கித் தண்ணீராகிறது. வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. சயனைடு அடைப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்: ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. ஒளிச்சேர்க்கையிலும் இதே குழப்பம்தான். செடி வெளியிடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருவது, கார்பன் டை ஆக்சைடிலிருந்து அல்ல. கூடவே, செடி பகலிலும் சுவாசிக்கிறது.

அப்புறம் 38. ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்பது பழைய கணக்கு. இப்போதைய மதிப்பீடு 30 முதல் 32 வரை.

ஓடிய மறுநாள் கால் வலித்தால் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பார்கள். ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது. அதை விரும்பி எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் உறுப்பு ஒன்றும் இருக்கிறது: இதயம்.