எம்ப்ராய்டரி லேஸ் வைத்த காட்டன் மினி ஸ்கர்ட்: முதல்முறை தைப்பவர்களுக்கு

கடைக்குள் நுழைந்ததும் நேராக லேஸ் இருக்கும் பக்கம் போங்கள். துணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஸ்கர்ட்டை எப்படி வெட்டுவது, கீழ் ஓரத்தை எப்படி மடிப்பது, எந்த நிற நூல் போடுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது லேஸ்தான். துணியை எடுத்துவிட்டு அதற்கு லேஸ் தேடி அலைந்தால், கடைசியில் "சரி, இதுவே இருக்கட்டும்" என்று ஏதோ ஒன்றைத்தான் வாங்கி வருவோம்.

லேஸும் துணியும்

இரண்டு ஓரமும் பிசிறில்லாமல் முடிந்த, ஒன்றரை முதல் இரண்டு இன்ச் அகலமுள்ள, தட்டையான நூல் வேலை லேஸாக எடுங்கள். கண்ணாடி, குந்தன், சமிக்கி வைத்தவை கண்ணைப் பறிக்கும். ஆனால் மிஷின் ஊசி அதில் பட்டால் 'டக்' என்று முறியும், முதல் ஸ்கர்ட்டுக்கு அது வேண்டாத வேலை. ஒரு ஓரம் மட்டும் வளைவு வளைவாகத் தொங்கும் ஹக்கோபா லேஸைப் பொருத்தும் முறை வேறு, அதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் நைந்துபோன காட்டன் சேலை இருந்து, அதன் பார்டர் இன்னும் திடமாக இருந்தால் அதையே வெட்டி எடுக்கலாம். வெட்டிய ஓரத்தைக் கால் இன்ச் உள்ளே மடித்து அயர்ன் செய்தால் அதுவும் இரண்டு ஓரமும் முடிந்த லேஸ் மாதிரிதான்.

துணிக்குப் பாப்ளின் நல்லது. தைக்கும்போது வழுக்காது, சுருக்கும் அழகாக விழும். துணிக்கடியில் கையை விரித்து வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கு தெரிந்தால் அது ஸ்கர்ட்டுக்கு ஆகாத மெல்லிசு. 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) ஒன்றேகால் மீட்டர் துணி, ஒன்றரை மீட்டர் லேஸ், ஒரு இன்ச் அகல எலாஸ்டிக் முக்கால் மீட்டர் வாங்குங்கள்.

வெட்டுவதற்கு முன் நனைக்க வேண்டும்

இதைத் தவிர்க்கவே கூடாது. காட்டன் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கலாம். லேஸ் பாலியஸ்டராக இருந்தால் அது சுருங்காது. அப்படியே தைத்துத் துவைத்தால் ஸ்கர்ட் சுருங்கும், லேஸ் சுருங்காது, கீழ் ஓரம் முழுக்க அலை அலையாக நிற்கும். அதற்குப் பிறகு எவ்வளவு அயர்ன் போட்டாலும் சரியாகாது.

துணியைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்யுங்கள். லேஸைத் தனியாக நனையுங்கள். சிவப்பு, மெரூன், கறுப்பு நூல் என்றால் ஈரமாக இருக்கும்போது ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். கறை ஒட்டினால் அந்த லேஸ் வெளிர் நிறத் துணிக்கு வேண்டாம். கல் உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். அதை நம்பி வெள்ளை ஸ்கர்ட்டில் இறங்காதீர்கள்.

அளவு

உதாரணத்துக்கு இடுப்பு 28, சீட் (பின்புறத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு) 38, நீளம் 16 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். முழங்காலுக்கு மேல் எவ்வளவு என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. 'மினி' என்ற பெயர்கூட அளவைப் பார்த்து வைத்ததல்ல: லண்டன் கிங்ஸ் ரோட்டில் கடை வைத்து, 1960களில் மினி ஸ்கர்ட்டைப் பிரபலமாக்கிய மேரி குவான்ட், தனக்குப் பிடித்த மினி காரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். நீங்கள் இன்ச் டேப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தால் ஸ்கர்ட் மேலே ஏறும், அப்போதும் கூச்சமில்லாமல் இருக்கும் நீளம்தான் உங்கள் நீளம். லெக்கிங்ஸோடு போடுவதாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

ஏ-லைன் (கீழே போகப் போக விரியும் வெட்டு) வேண்டாம். அதன் கீழ் ஓரம் வளைவாக இருக்கும், லேஸோ நேர்ப் பட்டை. வளைவில் வைத்தால் லேஸின் மேல் ஓரம் மிஞ்சிப்போய்க் குட்டிக் குட்டி மடிப்பாக விழும். அதனால் இரண்டு நீள்சதுரத் துண்டுகள், இடுப்பில் சுருக்கு, அவ்வளவுதான்.

சுற்றளவுக்கு சீட் அளவைப்போல் ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக 50 இன்ச் வைக்கலாம். அதில் பாதி 25, இருபக்கத் தையலுக்கும் அரை அரை இன்ச் சேர்த்தால் ஒரு துண்டின் அகலம் 26. நீளம் 16, மேலே எலாஸ்டிக் மடிப்புக்கு ஒன்றரை, கீழே அரை, ஆக 18. துணியின் கரைக்கு (நெசவிலேயே முடிந்த பக்க ஓரம்) இணையாக நீளம் வரும்படி டெய்லர் சாக்கால் குறித்து, 26-க்கு 18 இன்ச்சில் இரண்டு துண்டு வெட்டுங்கள். மிச்சத் துணியில் பாக்கெட் வைக்க ஆசை வரும். சுருக்கின் மேல் ஒட்டுப் பாக்கெட் உப்பித் தெரியும், எனக்குப் பிடிக்காது. தலைமுடிக்கு ஸ்க்ரஞ்சி தைத்துக்கொள்ளுங்கள்.

தையல்

துண்டுகளின் பக்க ஓரங்களை முதலில் பிசிறு வராமல் ஓவர்லாக் செய்துவிடுங்கள். ஓவர்லாக் மிஷின் இல்லையென்றால் பக்கத்து டெய்லர் கடையில் கொடுத்தால் போட்டுத் தருவார்கள். பிறகு நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கும்படி வைத்து, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அரை இன்ச் விட்டுத் தையுங்கள். இன்னொரு பக்கம் திறந்தே இருக்கட்டும். வட்டமாக மூடிய ஸ்கர்ட்டில் லேஸ் வைப்பதைவிட, விரித்துப் போட்ட துணியில் வைப்பது பத்து மடங்கு சுலபம்.

இனி லேஸ். வழக்கமாகக் கீழ் ஓரத்தை உள்பக்கம் மடிப்போம். இங்கே நல்ல பக்கத்துக்கு, அதாவது வெளிப்பக்கமாக, அரை இன்ச் மடித்து அயர்ன் செய்யுங்கள். பிசிறு வெளியே தெரியும், பயப்பட வேண்டாம். லேஸின் கீழ் ஓரமும் மடிப்பின் ஓரமும் சரிசமமாக வரும்படி மேலே வைத்தால் பிசிறு முழுக்க லேஸுக்கு அடியில் போய்விடும். தனியாகக் கீழ்மடிப்புத் தையல் தேவையில்லை, உள்பக்கமும் சுத்தமாக இருக்கும்.

இரண்டு முனையிலும் ஒரு இன்ச் கூடுதலாக விட்டு, குண்டூசியைக் குறுக்காகக் குத்திக்கொண்டே போங்கள். லேஸை இழுக்காதீர்கள். இழுத்துத் தைத்தால் அது பிறகு தளர்ந்து துணியையும் சேர்த்துச் சுருட்டும். குண்டூசி மேல் நம்பிக்கை இல்லையென்றால் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

மிஷினில் 14-ம் நம்பர் ஊசி. மேல் நூல் லேஸின் நிறம், பாபின் நூல் (அடி நூல்) துணியின் நிறம். முதலில் மிச்சத் துணியில் தைத்துப் பாருங்கள். லேஸின் கீழ் ஓரத்தில் ஒரு வரி, பிறகு மேல் ஓரத்தில் ஒரு வரி. இரண்டையும் ஒரே முனையிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றை இடமிருந்தும் மற்றதை வலமிருந்தும் தைத்தால் லேஸ் சாய்வாக முறுக்கிக்கொள்ளும். எம்ப்ராய்டரி மேடாக இருந்து, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் ஏறி இறங்கினால், ஜிப் தைக்கும் ஒற்றைக்கால் ஃபுட்டை மாட்டுங்கள்.

இப்போது திறந்த பக்கத்தைச் சேர்க்கலாம். லேஸின் மேல் ஓரங்கள் இரண்டும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்திவிட்டு, லேஸ் பக்கமிருந்து மேல் நோக்கித் தையுங்கள். இடுப்புப் பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எலாஸ்டிக் மடிப்புக்குள் மறைந்துவிடும். கூடுதல் லேஸை வெட்டி, முனைகளை ஓரத்தோடு சேர்த்துக் கையால் தைத்து அடக்குங்கள்.

மேல் ஓரத்தைக் கால் இன்ச், பிறகு ஒன்றேகால் இன்ச் உள்ளே மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தை ஒட்டித் தையுங்கள். ஒரு பக்கத் தையல் அருகே இரண்டு இன்ச் திறப்பு விடுங்கள். எலாஸ்டிக் 27 இன்ச் வெட்டி, முனையில் ஊக்கு மாட்டி உள்ளே செலுத்துங்கள். மறுமுனையை ஸ்கர்ட்டோடு குத்தி வைத்தால் உள்ளே ஓடிப்போகாது. முறுக்கு இல்லை என்று பார்த்துவிட்டு, முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒரு இன்ச் ஏறும்படி வைத்துச் சதுரமாகத் தையுங்கள். ஒருமுறை போட்டுப் பார்த்து, இறுக்கமோ தளர்வோ இல்லையென்றால் திறப்பை மூடலாம். இரண்டு பக்கத் தையலின் மேலும் எலாஸ்டிக்கோடு சேர்த்து நேராக ஒரு வரி ஓட்டிவிட்டால் துவைக்கும்போது எலாஸ்டிக் உள்ளே சுருளாது.

அயர்ன் செய்யும்போது டவலை மடித்துப் போட்டு, அதன்மேல் எம்ப்ராய்டரி குப்புற இருக்கும்படி உள்பக்கமிருந்து தேய்த்தால் நூல் வேலை தட்டையாகாது. பாலியஸ்டர் அல்லது ஜரிகை கலந்த லேஸ் என்றால் காட்டன் சூட்டில் உருகிவிடும், சூட்டைக் குறைத்து மேலே ஒரு மெல்லிய துணி போட்டுத் தேயுங்கள்.